மாமன் மடிக்கு லீவு

ஊசிமலைத் தோட்டம், மேல் டிவிசன்,
டயகம.
18-1-1962

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சண்முகவடிவு வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மச்சானும் கனகமும் சுகம். பனி கொட்டுகிறது, விறகு காயவில்லை, அதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை. உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். அந்த ஊர்த் தண்ணீர் இன்னும் உப்புத்தானா?

பொங்கலுக்கு வருவீர்கள் என்று உங்கள் பங்குக்கும் அரிசி போட்டேன். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

இப்போது எழுதுவது வேறு காரியம். கனகத்துக்குக் காது குத்த வேண்டும். முதல் வயதிலேயே குத்தியிருக்க வேண்டியது, அப்போது உங்களுக்கு லீவு இல்லை. ஆவணி வந்தால் அவளுக்கு மூன்று முடிகிறது. நாலில் குத்தக் கூடாது. ஐந்து வரைக்கும் மொட்டைக் காதோடு விட்டால் இந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தி வாயும் சும்மா இருக்காது. ஆகையால் சித்திரைத் திருவிழாவுக்கு முதல் நாள் மாரியம்மன் கோயிலில் வைத்துக்கொள்வதாகப் பேசிவிட்டோம். ஏப்ரல் இருபத்தெட்டு. அகரப்பத்தனைப் பத்தர் ஊசியோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பத்தர் வந்தால் மட்டும் போதுமா? பிள்ளை மாமன் மடியில் உட்கார வேண்டும். என் நாத்தனார் லெட்சுமி, "ஒங்கண்ணன் வராட்டி என்னா, பெரியப்பா மகன் சின்னராசா இருக்கான்ல. அவன் மடி மடியில்லையா?" என்கிறாள். சின்னராசா அண்ணன் நல்ல மனுசன். என் கல்யாணத்தில் நீங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் அவர்தான் செய்தார். ஆனால் ஒரே ஆள் எத்தனை தடவை உங்கள் இடத்தில் உட்காருவார்?

எப்படியாவது லீவு போட்டு வரவும். கனகம் உங்கள் படத்தைப் பார்த்து "ரயில் மாமா" என்கிறாள்.

அன்புத் தங்கை
வடிவு

•

தம்பவெவ ரயில்வே ஸ்டேஷன்.
6-2-1962

அன்புத் தங்கை வடிவுக்கு, அண்ணன் சோலைமலை எழுதுவது. வெயிலில் தோல் உரிந்தாலும் சுகமாகவே இருக்கிறேன். தண்ணீர் உப்புத்தான். நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்க வேண்டும்.

கடிதம் கிடைத்த அன்றைக்கே லீவு கேட்டேன். அது எப்படி நடந்தது என்று கேள்.

எனக்குச் சேர வேண்டிய லீவு வருசா வருசம் வீணாகப் போகிறது. ஆனால் எடுக்க வேண்டுமென்றால் ஒரு தாளில் பேர், வேலை, தேதி, போகிற ஊர் எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பதிலாகத் தண்டவாளம் மாற்றிவிட இன்னொரு ஆளை மேலாபீஸ் அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவில் "காரணம்" என்று ஒரு கட்டம். இப்போது எல்லாம் சிங்களத்தில்தான் எழுத வேண்டும். எனக்குப் பேச வரும், எழுதினால் கோழி கிளறின மாதிரி இருக்கும். சிக்னல் பார்க்கிற பண்டா எழுதித் தந்தான். காது குத்து என்றதும் அவனுக்குப் புரிந்தது. மாமன் மடி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், உங்கள் வீட்டில் நாற்காலி இல்லையா?" என்று கேட்டான்.

ஸ்டேஷன் மாஸ்டர் குணதிலக்க வாசித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "காது யாருக்கு? உனக்கா?" என்றார். தங்கை மகளுக்கு என்றேன். "அதற்கு நீ எதற்கு? யாருக்காவது சுகமில்லை என்று எழுது. இல்லாவிட்டால் யாராவது செத்துவிட்டதாக எழுது. சுருக்காகக் கிடைக்கும்" என்றார். மனுசன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதுதான் எனக்கு ஆத்திரம். பண்டா தன் பெரியம்மாவை இரண்டு தடவை கொன்றிருக்கிறான். இரண்டு தடவையும் லீவு கிடைத்தது. அந்தக் கிழவி போன மாதம் இங்கே வந்து என்னோடு வெற்றிலை போட்டாள்.

நான் பொய் எழுத மாட்டேன் என்றேன். அப்படியானால் மேலாபீஸுக்குப் போகட்டும் என்றார். போயிருக்கிறது.

மச்சானைக் கேட்டதாகச் சொல். கனகத்துக்கு என் முத்தம்.

அண்ணன்
சோலைமலை

•

ஊசிமலைத் தோட்டம்.
20-2-1962

அன்புள்ள அண்ணனுக்கு வடிவு எழுதுவது. சுகம், சுகமறிய ஆசை. கனகத்துக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. மலையில் கொழுந்து குறைவு. கங்காணி அந்தக் கோபத்தை எங்கள் மேல் காட்டுகிறார்.

உங்கள் கடிதத்தை நான் சத்தம் போட்டு வாசித்தேன். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த எல்லாருக்கும் சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு மச்சான் யோசனையில் உட்கார்ந்துவிட்டார். "ஒங்கண்ணே பொய் எழுத மாட்டாங்க, நாம தந்தி அடிச்சா அது நம்ம பொய்தான?" என்கிறார். யாரைச் சாகடிப்பது என்பதுதான் தெரியவில்லை. அம்மாவும் அப்பாவும் ஏற்கனவே போய்விட்டார்கள். நமக்குச் சாக ஆளில்லாமல் போய்விட்டது, அண்ணே. மிச்சத்தை அவரே எழுதுகிறாராம், பேனாவைப் பிடுங்குகிறார்.

மச்சானுக்கு சிவசாமி எழுதுவது. என்னையே கொன்று தந்தி அடிக்கட்டுமா? எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. தோட்டத்தில் அதற்கு அதிக மரியாதை உண்டு. உயிரோடு இருக்கிறவன் ஓட்டை விழுந்த கூரைக்குத் தகரம் கேட்டால் தொரை தர மாட்டார், செத்தால் பெட்டிக்குப் பலகை உடனே வரும். காது குத்து முடிந்ததும் பிழைத்துக்கொள்கிறேன்.

அண்ணே, அவர் எழுதியதை இப்போதுதான் பார்த்தேன். தாலி என் கழுத்தில் கிடக்கிறது என்ற நினைப்பே இல்லை. நீங்கள் அதற்குச் சம்மதித்தால் நான் உங்களோடு பேச மாட்டேன்.

வடிவு

•

தம்பவெவ.
9-3-1962

அன்புத் தங்கைக்கு. சுகம். கனகத்தின் சளிக்குக் கற்பூரவள்ளி கொடு.

மச்சானிடம் சொல், அவர் செத்தும் பிரயோசனம் இல்லை. மேலாபீஸ் கணக்கில் நெருங்கின சொந்தம் என்றால் தாய், தகப்பன், பெண்டாட்டி, பிள்ளைகள். தங்கை புருசன் சொந்தத்திலேயே சேர்த்தி இல்லை. அவர் வீணாகச் செத்துவிட வேண்டாம்.

முதல் தாள் திரும்பி வந்தது. "காரணம் போதாது." அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். வடிவு, நான் உனக்கு ஒரு விசயம் எழுதியதில்லை. அப்பா செத்தபோது தந்தியை நீட்டினேன். ஒரு வார்த்தை கேட்காமல் அன்றைக்கே ரயிலேற்றி அனுப்பினார்கள். அடுத்த வருசம் உன் கல்யாணத்துக்கு மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இதே இரண்டு சொல்தான் வந்தது. இவர்கள் ஆபீசிலும் சரி, உங்கள் தொரை பங்களாவிலும் சரி, நாம் அழுவதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நாம் சிரிக்க வேண்டியிருந்தால் அதற்கு ஒரு கட்டம் எந்தத் தாளிலும் இல்லை. நமக்குச் சந்தோசம் வரும் என்று எவனும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

இந்தத் தடவை நான் விடவில்லை. பண்டாவை உட்கார வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். தாய்மாமன் மடியில்லாமல் எங்கள் பிள்ளைக்கு ஊசி தொடக் கூடாது, அந்தப் பிள்ளைக்கு இருக்கிற ஒரே மாமன் நான், வேறு பதில் ஆள் கிடையாது என்று எழுதினேன். பண்டா ஆவேசம் வந்து கடைசியில் தன் சொந்தமாகவும் இரண்டு வரி சேர்த்தான். என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான்.

நேற்றுப் பதில் வந்தது. ஏப்ரல் இருபத்தேழும் இருபத்தெட்டும் லீவு, பதில் ஆள் வந்தால். வருவான்! நான் வருகிறேன், வடிவு. வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறேன். கம்மலுக்குப் பத்தரிடம் அச்சுப் பார்க்கச் சொல்.

அண்ணன்
சோலைமலை

•

ஊசிமலைத் தோட்டம்.
30-3-1962

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கே அனைவரும் நல்ல சுகம். மழை இரண்டு தரம் இறங்கியது, கொழுந்து துளிர்த்துவிட்டது, கங்காணி கூடச் சிரிக்கிறார்.

கல்யாணத்துக்கு நீங்கள் லீவு கேட்டீர்கள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். நாலு வருசமாக நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். சரி.

லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். லெட்சுமி மதினி, "வந்து எறங்கட்டும், கண்ணால பாத்தாத்தான் நம்புவேன். ஒங்கண்ணன கவுர்மெண்டு முழுங்கிருச்சின்னுல்ல நெனச்சேன்" என்கிறாள். அவளுக்காகவே நீங்கள் வாசல் வழியாக நடந்து வர வேண்டும்.

இன்னொன்று. உங்கள் மச்சான் நேற்றுத் தலவாக்கலை ஸ்டேஷன் வரைக்கும் போய் ஒரு காரியம் முடித்து வந்தார். என்னவென்று உங்களுக்கு எழுதக் கூடாதாம். தாளை மட்டும் நம்பக் கூடாது, மரியாதை என்று ஒன்று இருக்கிறது என்கிறார். உங்கள் ஸ்டேஷன் மாஸ்டரே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லுவாராம். அப்போது நீங்கள் மச்சானை நினைத்துப் பெருமைப்படுவீர்களாம்.

சுருக்காக வரவும்.

வடிவு

•

ஊசிமலைத் தோட்டம்.
2-5-1962

அண்ணனுக்கு. நாங்கள் சுகம். உங்களுக்குச் சுகமில்லையோ என்றுதான் பயமாக இருக்கிறது. சுகமாயிருந்தால் ஒரு வரி எழுதவும்.

இருபத்தெட்டாம் தேதி கடைசி பஸ் வரைக்கும் பார்த்தோம். பத்தர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னராசா அண்ணனுக்கு வெள்ளை வேட்டி கட்டிப் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் கனகத்தைக் கொடுக்கவில்லை. தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டேன்.

சமைத்த சோற்றை எல்லாரும் சாப்பிட்டார்கள்.

வடிவு

•

தம்பவெவ.
26-5-1962

அன்புத் தங்கை வடிவுக்கு. நான் சுகம். உடம்பில் ஒரு குறையும் இல்லை. இடுப்பில், கையில், கழுத்தில் மட்டும் மந்திரித்த நூல் கட்டியிருக்கிறது. பொறு, சொல்லுகிறேன்.

இவ்வளவு நாள் எழுதாததற்கு என்னைத் திட்டு. புதுத் தேதி வாங்கிக்கொண்டு நல்ல செய்தியாக எழுதலாம் என்று காத்திருந்தேன். அது கிடைக்கவில்லை. ஆகையால் நடந்ததை எழுதுகிறேன், கடிதத்தை மச்சானுக்கும் வாசித்துக் காட்டு. மெதுவாக வாசி.

ஏப்ரல் நடுவில் குணதிலக்க மாத்தையாவுக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பினவர் பேர் இல்லை. அவர் சம்சாரம் பிரித்துப் பார்த்திருக்கிறாள். சிவப்புத் துணியில் முடிச்சு. உள்ளே காய்ந்துபோன வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமம் தடவின ஒரு எலுமிச்சம்பழம், நாலு மூலையிலும் மஞ்சள் பூசித் தமிழில் என்னவோ எழுதின ஒரு தாள். அந்த அம்மாள் அலறின அலறலில் பண்டா ரயில் வந்துவிட்டதென்று சிக்னலை இறக்கிவிட்டான்.

உங்களுக்கு எலுமிச்சம்பழம் என்றால் தொரைக்குக் கொடுக்கிற மரியாதை. இவர்களுக்குக் குங்குமம் பூசின எலுமிச்சம்பழம் பேரில்லாமல் வீடு தேடி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம், சூனியம். சிரிக்காதே. நம் லயத்து முச்சந்தியில் ஒரு பழம் கிடந்தால் நாம் தாண்டுவோமா? அந்த வாரமே சிக்னல் கம்பி அறுந்து சாமான் ரயில் அரை நாள் நின்றது, மாத்தையாவை மேலாபீஸ் விளக்கம் கேட்டது, அவர் வீட்டுக் கோழி இரண்டு செத்தது. போதாதா?

நான் புறப்படுவதற்கு முதல் நாள் கட்டாடியாவைக் கூட்டி வந்தார்கள். கட்டாடியா என்றால் சிங்கள மந்திரவாதி. தேங்காயைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு தைரியமான ஆள் வேண்டும் என்றான். நான் நின்றேன்! கட்டாடியா அந்தத் தாளை இடுக்கியால் தூக்கினான். தோட்டத்து மந்திரம், யாரும் வாசிக்கக் கூடாது, வாசித்தால் ஏறிவிடும் என்றான். என் மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறான், நான் எப்படி வாசிக்காமல் இருப்பது? "எங்கள் அருமைச் செல்வி கனகத்தின் காதணி விழாவுக்கு ஸ்டேஷன் தொரை அவர்கள் குடும்ப சமேதராய் வருகை தந்து, எங்கள் மச்சானுக்கும் லீவு தந்து…" மச்சானின் கையெழுத்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. தேங்காய் கையிலிருந்து விழுந்தது. பேய் என் மேல் இறங்கிவிட்டது என்று கட்டாடியா முகத்தில் மஞ்சள் தண்ணீரை அடித்தான், பண்டா வேப்பங்குழையால் அடித்தான். அடிக்க அடிக்க நான் சிரித்தேன். கடைசியில் உடம்பு முழுக்க நூல் கட்டி, ஸ்டேஷன் எல்லையைச் சுற்றியும் கட்டுப் போட்டு, ஏழு நாளைக்கு இங்கே வேலை செய்கிறவன் எவனும் எல்லையைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் எனக்குப் பதில் ஆள் பெட்டியோடு வந்து இறங்கினான். மாத்தையா அவனை அதே ரயிலில் திருப்பி ஏற்றிவிட்டார்.

அப்போதே உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆபீசருக்குப் பரிசு அனுப்பி லீவு கேட்டான் என்று மேலாபீஸுக்கு எழுதினால் வேலை போகும். தோட்டத்துக்காரனுக்கு இந்த உத்தியோகம் எத்தனை பேர் கண்ணை உறுத்துகிறது என்று உனக்குத் தெரியும். அப்பா அலைந்து வாங்கின பிரஜாவுரிமைத் தாளைக் காட்டித்தான் உள்ளே வந்தேன். ஏழாம் நாள் கழிந்ததும் மனம் கேட்கவில்லை. போய்ச் சொன்னேன். உள்ளே அவர் சம்சாரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு மாத்தையா, "ஆக, உன் மச்சான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்" என்றார். ஆமாம் என்றேன். "நான் அவர் வெற்றிலையைக் குளத்தில் போட்டேன்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அன்றைக்கே எனக்காக அவரே மேலாபீஸுக்கு எழுதினார். பதில் ஆளை ஒரு தடவை அனுப்பியும் திருப்பிவிட்டீர்கள், இனி ஆள் இல்லை என்று வந்துவிட்டது.

மச்சான் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உன் கோபத்தை மட்டும் எழுது.

அண்ணன்
சோலைமலை

•

ஊசிமலைத் தோட்டம்.
8-6-1962

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம், சுகம், எல்லாரும் சுகம். மூன்று நாளாக வயிறு வலிக்கிறது, சிரித்த வலி.

மெதுவாக வாசிக்கச் சொன்னீர்கள். "இடுக்கியால் தூக்கினான்" என்ற இடத்தில் மச்சான் எழும்பி வெளியே போய்விட்டார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். பீலிக்கரையில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். "வடிவு, நான் மரியாதைக்குத்தான அனுப்புனேன்" என்கிறார். இப்போது தொழிற்சாலையில் அவருக்குப் பேரே கட்டாடியா.

எனக்குக் கோபம் இருந்தது, அண்ணே. மே இரண்டாம் தேதி எழுதின கடிதத்தை நான் தபாலில் போட்டிருக்கக் கூடாது. இப்போது இல்லை.

லெட்சுமி மதினி மட்டும் அசையவில்லை. "நல்லாக் கத கட்டுறான் ஒங்கண்ணன். அடுத்த தடவ யான மறிச்சிருச்சிம்பான்" என்கிறாள். ஆடி பிறந்தால் அந்த மாதத்தில் செய்ய முடியாது, ஆவணியில் வயசு முடிகிறது. ஆக மிச்சம் இருப்பது ஆனி மாதம் மட்டும்தான்.

நேற்று மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. உங்களுக்குத்தான் லீவுக்கு ரூல். எங்களுக்கு ஒரு ரூலும் இல்லையே. விடியற்காலையில் பேர் போடுகிற பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. அவ்வளவுதான், யாரும் காரணம் கேட்பதில்லை. அப்படியிருக்க, மடியை இங்கே கொண்டுவர முடியாவிட்டால் காதை அங்கே கொண்டுவந்தால் என்ன?

உங்கள் மாத்தையாவிடம் கேட்டு எழுதுங்கள். பழம் ஒன்றும் அனுப்பவில்லை.

வடிவு

•

தம்பவெவ.
25-6-1962

தங்கைக்கு அவசரமாக. சுகம்.

மாத்தையா ரூல் புத்தகத்தை மேசையில் போட்டு அரை நாள் புரட்டினார். தண்டவாளம் மாற்றுகிறவன் வேலை நேரத்தில் ஸ்டேஷன் எல்லையை விட்டுப் போகக் கூடாது. சரி. அவனைத் தேடி ஆட்கள் வரக் கூடாது என்று இருக்கிறதா? இல்லை. டிக்கெட் வைத்திருக்கிறவன் பிளாட்பாரத்தில் என்னென்ன செய்யக் கூடாது என்று ஒரு பக்கம் இருந்தது. துப்பக் கூடாது. அடுப்பு மூட்டக் கூடாது. ஆடு மாடு கட்டக் கூடாது. காது குத்தக் கூடாது என்று எங்கேயும் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு, "அடுப்பை மட்டும் என் வீட்டில் மூட்டிக்கொள்ளுங்கள்" என்றார்.

ஜூலை எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பகல் ரயிலில் வந்து இறங்குங்கள். அடுத்த ரயில் வரும் வரைக்கும் பிளாட்பாரம் நம்முடையது. பொல்காவலையில் வண்டி மாற வேண்டும், மறந்துவிடாதே. பத்தரைக் கையைப் பிடித்துக் கூட்டி வா. லெட்சுமி மதினியைக் கட்டாயம் கூட்டி வா.

சோலைமலை

•

ஊசிமலைத் தோட்டம்.
17-7-1962

அன்புள்ள அண்ணனுக்கு. சுகமாக வந்து சேர்ந்தோம். கனகத்தின் காது ஆறிவிட்டது, தேங்காயெண்ணெய் போடுகிறேன். உங்கள் மாத்தையாவையும் அந்த அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்த அம்மா கட்டித் தந்த பாற்சோற்றைப் பேராதனை வரைக்கும் வைத்துச் சாப்பிட்டோம்.

நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், ஆனால் பாதியைப் பார்க்கவில்லை. பத்தர் ஊசியைத் தூக்கினதும் நீங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள். மாமன்தான் பிள்ளைக்குத் தைரியம் சொல்ல வேண்டும். கனகம் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அழவே ஆரம்பித்தாள். ஆகையால் நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

முதல் காது முடிந்து இரண்டாவதுக்குப் பத்தர் கைவைக்கும்போது சாமான் ரயில் ஊதியது. அது அந்த நேரத்துக்கு வரக் கூடாத ரயில் என்று பண்டா கத்தினார். நீங்கள் எழும்பப் பார்த்தீர்கள். மடியில் பிள்ளை, காதுக்குள் ஊசி. மாத்தையா உங்கள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடினாரே, அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியாது. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, தொப்பி. பாதி வழியில் ஒரு சப்பாத்து கழன்று விழுந்தது. அவர் நிற்கவில்லை. அந்த இரும்புப் பிடியை இழுக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் தொங்கினார். இரண்டு காலும் தரையில் இல்லை! மச்சான் ஓடிப்போய்ப் பின்னால் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத் தண்டவாளம் மாறிற்று. ரயில் மெதுவாக வந்தது. எஞ்சினில் இருந்தவர்கள் பிளாட்பாரத்தில் பாய் விரித்து ஜனம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கனகம் போட்ட சத்தத்துக்குப் பதில் சத்தமாக ஊதிக்கொண்டே போனார்கள். அதைக் கேட்டுத்தான் அவள் அழுகையை நிறுத்தினாள். இரண்டாவது காது எப்போது முடிந்தது என்று அவளுக்கே தெரியாது.

மாத்தையா ஒரு காலில் சப்பாத்தோடு திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு மச்சானிடம் என்னவோ சொன்னார். மச்சான் தலையை ஆட்டினார். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்காது. ரயிலில் வரும்போது கேட்டேன். "இன்னொரு பழம் அனுப்பிருக்கலாம், நல்லாத்தான் வேல செய்யிதுன்னார்" என்கிறார். அப்படித்தான் சொன்னாரா, மச்சானாகச் சேர்த்துக்கொண்டாரா?

லெட்சுமி மதினியைக் கேட்க வேண்டுமா? தலவாக்கலை வரும் வரைக்கும் பெட்டியில் ஒருவரையும் தூங்க விடவில்லை. "எங்க கனகத்து மாமன் சாதாரண ஆளா? ரயில நிப்பாட்டி வச்சுல்ல காது குத்துனான்! ஸ்டேசன் தொரையே அவனுக்காகக் கொடி பிடிச்சாரு!" ரயில் நிற்கவில்லை, மதினி என்றேன். "நீ சும்மா கெட, ஒனக்கென்ன தெரியும்" என்கிறாள்.

மறுநாள் எங்கள் யாருக்கும் பேர் இல்லை. போகட்டும்.

அன்புத் தங்கை
வடிவு

•

தம்பவெவ.
11-9-1962

அன்புத் தங்கை வடிவுக்கு, அண்ணன் எழுதுவது. சுகமாக இருக்கிறேன். முதல் மழை விழுந்து தண்ணீரில் உப்புக் குறைந்திருக்கிறது. மச்சானுக்கும் கனகத்துக்கும் என் அன்பு. மாத்தையா பழத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான், மச்சான் ஒன்றும் சேர்க்கவில்லை.

நேற்று மேலாபீஸிலிருந்து ஒரு கடிதம். மாத்தையா மே மாதம் எனக்காக எழுதினாரே, ஆள் இல்லை என்று பதில் வந்த பிறகும் அது எந்த மேசையிலோ கிடந்து இப்போது இன்னொருத்தன் கண்ணில் பட்டிருக்கிறது. அக்டோபர் இரண்டாவது வாரம் முழுக்க லீவு. பதில் ஆள் உறுதி. "வேண்டாமென்றால் திருப்பி எழுதுகிறேன், உங்கள் விசேசம்தான் முடிந்துவிட்டதே" என்றார் மாத்தையா.

நான் அவரைக் கேட்டேன், இப்போது காரணம் என்ன போடுவது? சாவும் இல்லை, காதும் இல்லை. அவர் ரூல் புத்தகத்தை எடுத்தார். காது குத்துக்காகப் புரட்டினதிலிருந்து அவருக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. விரலை வைத்துக்கொண்டு வாசித்தார். சேர வேண்டிய லீவைச் சொந்த அலுவலுக்காக எடுக்கலாம். அலுவல் என்ன என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு தடவை வாசித்தார். "இத்தனை வருசமும் இது இங்கேதான் இருந்திருக்கிறது" என்றார்.

வடிவு, எனக்குக் கோபத்தில் காது அடைத்துவிட்டது. என்னைக் காரணம் கேட்டது ரூல் இல்லை. தோட்டத்துப் பையன்தானே, கேட்டால் பதில் சொல்லுவான் என்று மேலாபீஸில் ஒருத்தன் கேட்டிருக்கிறான். நானும் சொன்னேன். உன் கல்யாணத்துக்கு மூன்று தடவை சொன்னேன். அந்த மனுசன் யாரென்று தெரிந்தால் பதில் ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அவன் வீட்டு வாசலில் உட்காருவேன். இப்போதைக்கு அந்தக் கட்டத்தில் "சொந்த அலுவல்" என்று என் கையாலேயே சிங்களத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோழி கிளறின மாதிரித்தான் இருந்தது. வாங்கிக்கொண்டார்.

ஆகையால் வருகிறேன். கங்காணியிடம் இப்போதே சொல்லி வை. என் தங்கை வீட்டில் நான் படுக்க உங்கள் தொரையும் அல்லவா சம்மதிக்க வேண்டும். என்ன விசேசம், யாருக்கு என்ன என்று லயத்தில் கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்று சொல். நம்ப மாட்டார்கள். கோழி அடிக்காதே, சின்னராசாவை விட்டு ஸ்டேஷனில் மாலை போட வைக்காதே. ரொட்டியும் கட்டச் சம்பலும் போதும்.

எனக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது. விடியற்காலையில் பெரட்டுச் சங்கு ஊதும் அல்லவா? அப்பா நாற்பது வருசம் அதைக் கேட்டு எழும்பினார், அம்மா காய்ச்சலோடு எழும்பினாள், நீ இன்றைக்கும் எழும்பியிருப்பாய். அந்த ஒரு நாள் மட்டும் நீயும் மச்சானும் பேர் போடாதீர்கள். கம்பளியை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். சங்கு முழுக்க ஊதி முடியட்டும். நாம் எல்லாரும் படுத்துக்கொண்டே கேட்போம்.

உன் அண்ணன்
சோலைமலை